பைனரி, டெசிமல், ஹெக்ஸ்: கணினி எண்முறைகளைக் கையால் போட்டுக் கற்க முழுமையான வழிகாட்டி

எண்முறைப் பாடத்தைப் பலர் சிக்கலான வரிசையில் படிக்கிறார்கள். டெசிமலிலிருந்து (பத்தை அடியாகக் கொண்ட நம் வழக்கமான எண்முறை) பைனரி (இரண்டை அடியாகக் கொண்டது), டெசிமலிலிருந்து ஆக்டல் (எட்டை அடியாகக் கொண்டது), டெசிமலிலிருந்து ஹெக்ஸ் (பதினாறை அடியாகக் கொண்டது) என்று எல்லாமே டெசிமல் வழியாகவே போகும். தேர்வுத்தாளுக்கு அது போதும். வேலையில் ஹெக்ஸைப் பார்த்தவுடன் பிட்டுகள், அதாவது பைனரியின் 0, 1 இலக்கங்கள், கண்ணில் தெரிய வேண்டும். நடுவே டெசிமலுக்கு இடமே இல்லை. ஹெக்ஸ் என்பது பைனரியை நான்கு நான்கு பிட்டாகச் சேர்த்து எழுதும் சுருக்கெழுத்து, அவ்வளவுதான். கீழே உள்ள வரிசை அந்தப் பார்வையில் அமைந்தது. ஒரு தாளும் பென்சிலும் போதும். கால்குலேட்டரைக் கடைசிப் பகுதி வரை தொட வேண்டாம்.

எழுத்துமுறை பற்றி ஒரு குறிப்பு. ஹெக்ஸில் 0 முதல் 9 வரை பத்து இலக்கங்கள் போக, 10 முதல் 15 வரையுள்ள மதிப்புகளுக்கு ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்துகள் வரும். இங்கே அவற்றை ஏ, பி, சி, டி, இ, எஃப் என்று எழுதியிருக்கிறோம். கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தாகவே தட்டவும். பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பது மதிப்பை மாற்றாது.

படி 1: இடமதிப்பு

3407 என்ற எண்ணில் 3 நிற்கும் இடம் ஆயிரம், 4 நிற்கும் இடம் நூறு, 0 நிற்கும் இடம் பத்து, 7 நிற்கும் இடம் ஒன்று. வலமிருந்து இடமாக ஒவ்வொரு இடமும் பத்து மடங்கு பெருகுகிறது. பழைய தமிழ் முறையில் இதே எண் ௩௲௪௱௭. ஆயிரத்துக்கும் நூறுக்கும் தனிக் குறி இருந்ததால் அங்கே பத்தின் இடத்தைக் காலியாகக் காட்டச் சுழியம் தேவைப்படவில்லை. இடத்தை வைத்தே மதிப்பைச் சொல்லும் முறையில் காலி இடமுள்ள எந்த எண்ணையும் சுழியம் இல்லாமல் எழுத முடியாது. பைனரியில் பாதி வேலை சுழியத்துடையதுதான்.

பைனரியில் இடங்கள் இரண்டு மடங்காகப் பெருகும்: 1, 2, 4, 8, 16, 32, 64, 128. ஹெக்ஸில் பதினாறு மடங்கு: 1, 16, 256, 4096. இந்த இரண்டு வரிசைகளையும் வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்துவிடுங்கள். கூடவே 1024, 65,536 என்ற இரண்டும் நினைவில் இருக்கட்டும். முதலாவது 2-ஐப் பத்து முறை பெருக்கினால் வருவது, அடுத்தது பதினாறு முறை.

படி 2: பைனரியிலிருந்து டெசிமல்

10110101 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். வலது கோடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பிட்டின் கீழும் 1, 2, 4, 8 என்று எழுதிக்கொண்டே இடப்பக்கம் போங்கள். 1 இருக்கும் இடங்களை மட்டும் கூட்டுங்கள்: 128 + 32 + 16 + 4 + 1 = 181.

இங்கே நடக்கும் வழக்கமான தவறு, இடது கோடியில் 128 என்று எழுதித் தொடங்குவது. எட்டுப் பிட் இருந்தால் தப்பித்துவிடலாம். ஏழு பிட் எண் வந்தால் விடை அப்படியே இரட்டிப்பாகிவிடும். எப்போதும் வலமிருந்தே தொடங்குங்கள்.

நீளமான எண்களுக்கு இன்னொரு வழி வேகமானது. இடமிருந்து படித்துக்கொண்டே வாருங்கள். கையில் உள்ளதை இரட்டித்து, அடுத்த பிட்டைக் கூட்டுங்கள். மேலே உள்ள எண்ணுக்கு 1, 2, 5, 11, 22, 45, 90, 181 என்று வரும். இட மதிப்புகளை எழுதவே தேவையில்லை, மனக்கணக்காகவே போடலாம்.

படி 3: டெசிமலிலிருந்து பைனரி

பள்ளியில் சொல்லித்தருவது தொடர் வகுத்தல். 181-ஐ இரண்டால் வகுத்து மீதியைக் குறித்துக்கொண்டே போக வேண்டும்.

181 ÷ 2 = 90, மீதி 1
90 ÷ 2 = 45, மீதி 0
45 ÷ 2 = 22, மீதி 1
22 ÷ 2 = 11, மீதி 0
11 ÷ 2 = 5, மீதி 1
5 ÷ 2 = 2, மீதி 1
2 ÷ 2 = 1, மீதி 0
1 ÷ 2 = 0, மீதி 1

மீதிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் 10110101. மேலிருந்து கீழாகப் படித்துவிட்டால் 10101101, அதாவது 173. பார்ப்பதற்குச் சரியான விடை போலவே இருக்கும் என்பதால் இந்தத் தவறு கண்ணில் படாது. முதலில் வரும் மீதி ஒன்றின் இடத்துக்கு உரியது, அதனால் அது வலது கோடியில் நிற்க வேண்டும். இந்தக் காரணம் புரிந்தால் திசை மறக்காது. இன்னொரு தவறு, ஈவு 1 வந்தவுடன் நிறுத்திவிட்டு அந்தக் கடைசி 1-ஐ எழுதாமல் விடுவது. ஈவு 0 ஆகும்வரை போக வேண்டும்.

255-க்கு உட்பட்ட எண்களுக்குக் கழித்தல் முறையே மேல். 181-ல் 128 போகுமா? போகும், 1 எழுதுங்கள், மீதம் 53. 64 போகுமா? போகாது, 0. 32 போகும், 1, மீதம் 21. 16 போகும், 1, மீதம் 5. 8 போகாது, 0. 4 போகும், 1, மீதம் 1. 2 போகாது, 0. 1 போகும், 1. விடை இடமிருந்து வலமாகவே கிடைப்பதால் திசைக் குழப்பம் வராது. எந்த முறையானாலும் ஒற்றைப்படை எண்ணின் பைனரி 1-ல் முடிய வேண்டும், இரட்டைப்படை 0-வில். இந்தச் சோதனைக்கு ஒரு நொடி போதும்.

படி 4: பதினாறு உருக்கள்

முழுப் பாடத்திலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது.

0 – 0000, 1 – 0001, 2 – 0010, 3 – 0011
4 – 0100, 5 – 0101, 6 – 0110, 7 – 0111
8 – 1000, 9 – 1001, ஏ – 1010, பி – 1011
சி – 1100, டி – 1101, இ – 1110, எஃப் – 1111

முதல் பத்தும் தானாக வந்துவிடும். எழுத்துகளில் மூன்றை மட்டும் நங்கூரமாக வைத்துக்கொள்ளுங்கள்: ஏ என்றால் ஒன்றுவிட்டு ஒன்று (1010), சி என்றால் முதல் பாதி மட்டும் (1100), எஃப் என்றால் எல்லாமே ஒன்று. பி, டி இரண்டும் ஏ, சி-க்கு ஒன்று கூட. இ என்பது எஃப்-க்கு ஒன்று குறைவு.

இனி 10110101-ஐ வலமிருந்து நான்கு நான்காக வெட்டுங்கள்: 1011 0101. முதல் பகுதி பி, இரண்டாவது 5. ஆக, ஹெக்ஸில் பி5. சரிபார்க்க: 11 × 16 + 5 = 181. ஹெக்ஸிலிருந்து பைனரிக்குப் போக, ஒவ்வொரு இலக்கத்துக்கும் நான்கு பிட்டை எழுதினால் போதும், கணக்கே கிடையாது. ஆனால் நான்கையும் எழுத வேண்டும். 5 என்பதை 101 என்று எழுதிவிட்டால் பி5 ஏழு பிட்டாகச் சுருங்கி வேறு எண்ணாகிவிடும்.

வெட்டும் திசையும் முக்கியம். 101101 என்ற ஆறு பிட் எண்ணை வலமிருந்து வெட்டினால் 10 1101, அதாவது 2டி, மதிப்பு 45. இடமிருந்து வெட்டினால் 1011 01. பி1 என்று படித்து 177-க்குப் போய்விடுவீர்கள். குறையும் இடத்தை இடப்பக்கம் சுழியம் வைத்து நிரப்புங்கள், வலப்பக்கம் ஒருபோதும் வேண்டாம்.

இவ்வளவு எளிதாக மாறுவதற்குக் காரணம், 16 என்பது 2-ஐ நான்கு முறை பெருக்கியது. ஒரு ஹெக்ஸ் இலக்கம் சரியாக நான்கு பிட்டை மூடுகிறது. 10 அப்படிப்பட்ட எண் அல்ல. அதனால்தான் ஒரு பிட் மாறினால் டெசிமலில் பல இலக்கங்கள் கலைந்துவிடலாம். எட்டை அடியாகக் கொண்ட ஆக்டலில் ஓர் இலக்கம் மூன்று பிட். 12 பிட் சொல்லளவு (ஒரே முறையில் கையாளும் பிட்டுகளின் எண்ணிக்கை) கொண்ட பிடிபி-8 போன்ற கணினிகளுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. 1964-ல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 எட்டுப் பிட் பைட்டைக் கொண்டுவந்தது. எட்டை மூன்றால் மீதியின்றி வகுக்க முடியாது, நான்கால் முடியும், ஆக்டல் ஒதுங்கிக்கொண்டது. யூனிக்ஸ், லினக்ஸ் இயங்குதளங்களில் கோப்பு அனுமதியாகத் தரும் 755 இன்னும் ஆக்டல்தான்: 111 101 101 என்று விரித்துப் படித்தால், உரிமையாளருக்குப் படிக்க, எழுத, இயக்க மூன்றும்; மற்றவர்களுக்குப் படிக்கவும் இயக்கவும் மட்டும்.

படி 5: டெசிமலும் ஹெக்ஸும்

2965-ஐ ஹெக்ஸாக்குவோம். 16-ஆல் வகுத்தால் 185, மீதி 5. 185-ஐ வகுத்தால் 11, மீதி 9. 11-ஐ வகுத்தால் 0, மீதி 11, அதாவது பி. கீழிருந்து மேலாக: பி95. திரும்பிப் போக: 11 × 256 + 9 × 16 + 5 = 2816 + 144 + 5 = 2965. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும்.

மீதி 10 அல்லது அதற்கு மேல் வந்தால் உடனே எழுத்தாக்கிவிடுங்கள். 173-ல் ஈவு 10, மீதி 13, விடை ஏடி. அதை 1013 என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய.

படி 6: அகலம் எங்கே முக்கியமாகிறது

கணக்கு நோட்டில் எண்ணுக்கு எல்லை இல்லை. கணினியில் ஒவ்வொரு எண்ணும் ஒரு குறிப்பிட்ட அகலப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறது. 8 பிட்டில் 0 முதல் 255 வரை, 16 பிட்டில் 65,535 வரை, 32 பிட்டில் 4,294,967,295 வரை. ஒரு பைட்டை (8 பிட்) எழுத எப்போதும் இரண்டு ஹெக்ஸ் இலக்கம்.

இணையப் பக்க நிறக் குறியீடு மூன்று பைட்: எஃப்எஃப் ஏ5 00 என்றால் சிவப்பு 255, பச்சை 165, நீலம் 0; ஆரஞ்சு நிறம். ஐபி முகவரியில் அதே பைட்டுகளை டெசிமலில் எழுதும் வழக்கம் நிலைத்துவிட்டது. சப்நெட் மாஸ்க் என்பது முகவரியின் எந்தப் பிட்டுகள் வலையமைப்பைக் குறிக்கின்றன என்று காட்டும் எண். 255.255.255.192 என்ற மாஸ்க்கின் கடைசிப் பகுதியை விரித்தால் 11000000. ஆறு சுழியம், ஆகவே 64 முகவரிகள். முதலும் கடைசியும் போக 62 கருவிகள். மாஸ்க்கில் ஒன்றுகள் எல்லாம் இடப்பக்கம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். அதனால் ஒரு பகுதியில் வரக்கூடியவை 0, 128, 192, 224, 240, 248, 252, 254, 255 என்ற ஒன்பது மதிப்புகளே. 255.255.255.200 என்று யாராவது எழுதியிருந்தால் விரித்துப் பார்க்காமலே தவறு என்று சொல்லிவிடலாம்.

புதிதாக வாங்கிய 1 டெராபைட் டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டுவதும் இதே குடும்பம்தான். தயாரிப்பாளர் பத்தின் மடங்கில் எண்ணுகிறார். விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. எதுவும் தொலைந்துபோகவில்லை.

படி 7: கழித்தல் குறி

பிட்டுகளுக்கு இடையே கழித்தல் குறி போட இடமில்லை. அதற்கு இன்று எங்கும் பயன்படுவது இரண்டின் நிரப்பு முறை. −5-ஐ 8 பிட்டில் எழுத: 5 என்பது 00000101. எல்லாப் பிட்டையும் புரட்டினால் 11111010. ஒன்று கூட்டினால் 11111011, ஹெக்ஸில் எஃப்பி. சோதனை: இதோடு 5-ஐக் கூட்டிப் பாருங்கள், ஒன்பதாவது பிட் வெளியே விழுந்து 00000000 மிஞ்சும்.

இதன் விளைவு: எஃப்பி என்ற ஒரே பைட், குறியற்ற எண்ணாகப் படித்தால் 251, குறியுள்ள எண்ணாகப் படித்தால் −5. பைட்டுக்குள் எது சரி என்பதற்கான தடயமே கிடையாது. படிக்கும் நிரல்தான் தீர்மானிக்கிறது. குறியுள்ள எண் என்று தெரிந்துவிட்டால், முதல் ஹெக்ஸ் இலக்கம் 8 அல்லது அதற்கு மேல் என்றால் எதிர்ம எண். அதன் மதிப்பை எடுக்க 256-ஐக் கழித்தால் போதும்: 251 − 256 = −5.

8 பிட்டில் எல்லை −128 முதல் 127. அதாவது 127-ல் ஒன்று கூட்டினால் −128. 32 பிட்டில் இதே திருப்பம் 2,147,483,647-ஐத் தாண்டும்போது நடக்கும். 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணும் யூனிக்ஸ் கடிகாரம், 32 பிட் குறியுள்ள எண்ணாக இருக்கும் கருவிகளில், 2038 ஜனவரி 19 அன்று உலக நேரம் 03:14:07-க்கு அந்த எல்லையைத் தொடுகிறது. இந்திய, இலங்கை நேரப்படி காலை 8:44:07. அடுத்த நொடியில் தேதி 1901 டிசம்பர் 13-க்குப் போய்விடும். 64 பிட்டுக்கு மாறிய கணினிகளுக்குக் கவலை இல்லை. மாற்ற முடியாதபடி பழைய மென்பொருளோடு சுவரில் மாட்டிய கருவிகள்தான் சிக்கல்.

படி 8: பின்னங்கள்

முழு எண்ணுக்கு வகுத்தல் என்றால் பின்னத்துக்குப் பெருக்கல். 0.625 × 2 = 1.25, எழுத வேண்டியது 1. மிஞ்சிய 0.25 × 2 = 0.5, எழுத வேண்டியது 0. 0.5 × 2 = 1.0, எழுத வேண்டியது 1. மேலிருந்து கீழாகப் படித்தால் 0.101. இங்கே திசை வகுத்தலுக்கு நேர்மாறு, கவனம்.

இதே முறையில் 0.1-ஐப் போட்டுப் பாருங்கள். 0.2, 0.4, 0.8, 1.6, 1.2, மறுபடி 0.4... முடிவே வராது: 0.000110011 என்று 0011 ஓடிக்கொண்டே இருக்கும். எங்கோ வெட்டித்தான் ஆக வேண்டும். பைத்தான் நிரல்மொழியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருவது இதனால்தான். இது பிழையல்ல, வெட்டின் தடம். ஆனால் தடம் சேர்ந்துகொண்டே போனால் ஆபத்து. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியட் ஏவுகணைத் தளம் ஒரு ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்கப் படையினர் இறந்தனர். அந்தக் கருவி நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணி, 24 பிட்டில் வெட்டப்பட்ட 0.1-ஆல் பெருக்கியது. ஏறத்தாழ 100 மணி நேரம் அணைக்காமல் ஓடியதில் பிழை 0.34 நொடி வரை வளர்ந்திருந்தது.

பணக் கணக்கு எழுதும் நிரலில் ரூபாயைப் பின்னமாக வைக்காதீர்கள். பைசாவாக, முழு எண்ணாக வையுங்கள்.

படி 9: ஒரு தமிழ் எழுத்தைப் பிரித்துப் பார்த்தல்

2965, அதாவது 0பி95, யூனிகோடில் (உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரம்) 'க' என்ற எழுத்தின் எண். தமிழுக்கு ஒதுக்கிய இடம் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை. இந்த எண் கோப்பில் அப்படியே எழுதப்படுவதில்லை. யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டாகப் பிரிகிறது. செய்துபார்ப்போம்.

முதலில் பைனரி: 0000 1011 1001 0101. இந்தப் பதினாறு பிட்டையும் இப்போது நான்கு, ஆறு, ஆறாக வெட்டுங்கள்: 0000, 101110, 010101. முதல் துண்டின் முன்னால் 1110 சேருங்கள். மற்ற இரண்டின் முன்னாலும் 10 சேருங்கள். கிடைப்பவை 11100000, 10101110, 10010101. ஹெக்ஸில் இ0 ஏஇ 95. தமிழ் விக்கிப்பீடியா இணைப்பை நகலெடுத்து ஒட்டும்போது % குறிகளுக்கிடையே வரும் நீண்ட வரிசை இந்தப் பைட்டுகள்தான்.

0பிபிஎஃப் வரையுள்ள எழுத்துகளுக்கு இரண்டாம் பைட் ஏஇ. 0பிசி0 முதல் ஏஎஃப். ஆகவே எந்தத் தமிழ் எழுத்தும் இ0 ஏஇ அல்லது இ0 ஏஎஃப் என்றே தொடங்கும். ஒரு கோப்பின் ஹெக்ஸைப் பார்த்தே 'இது தமிழ்' என்று சொல்லிவிட முடிகிறது. திரையில் தமிழுக்குப் பதில் தலையில் கோடிட்ட ஒரு லத்தீன் எழுத்தும் ® குறியும் மாறி மாறி வந்தால் பைட்டுகள் கெடவில்லை என்று பொருள். பழைய மேற்கத்தியக் குறியேற்றத்தில் இ0-வும் ஏஇ-யும் அந்த இரண்டு குறிகள். கோப்பை யுடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் சரியாகிவிடும். அந்தக் கோலத்திலேயே சேமித்துவிட்டால் மீட்பது பெரும்பாடு.

புள்ளியும் காலும் தனி எண்கள். 'அம்மா' என்பது அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறிகள், 15 பைட். தரவுத்தளத்தில் 20 பைட் என்று வரையறுத்த பெயர்ப் புலம் தமிழில் ஆறு குறிகளோடு நிறைந்துவிடும். குறுஞ்செய்தியில் கணக்கு வேறு: ஒரு செய்திக்கு 140 பைட், அதாவது 1120 பிட். ஏழு பிட் ஆங்கிலத்தில் 160 எழுத்து, பதினாறு பிட்டில் செல்லும் தமிழில் 70.

பைட்டுகளைப் பார்க்கும்போது வரிசையும் ஏமாற்றும். யுடிஎஃப்-16 கோப்பைச் சிறுமுனை வரிசையில் (சிறிய மதிப்புள்ள பைட் முதலில் வருவது) சேமித்தால் 'க' என்பது 95 0பி என்று தலைகீழாக நிற்கும். கோப்பின் தொடக்கத்தில் எஃப்எஃப் எஃப்இ இருந்தால் அந்த வரிசை என்று அறியலாம்.

படி 10: இனி கருவிகள்

விண்டோஸ் கால்குலேட்டரில் புரோகிராமர் நிலைக்கு மாறினால் மூன்று முறையும் ஒரே நேரத்தில் தெரியும். −5 தட்டும்முன் அகலத்தை ஒரு பைட்டாக மாற்றுங்கள்; இல்லையென்றால் 64 பிட்டுக்கு எஃப் வரிசையாக ஓடும். பைத்தானின் ஹெக்ஸ் ஃபங்ஷன் −5-க்கு எஃப்பி தராது, கழித்தல் குறியோடு 5 என்றே தரும். 255-உடன் பிட் அளவில் 'அண்ட்' (இரண்டு எண்ணிலும் 1 உள்ள பிட்டுகளை மட்டும் வைத்துக்கொள்வது) செய்த பிறகு கேளுங்கள். சி மொழியில் எண்ணின் முன்னால் அழகுக்காக 0 வைக்கக் கூடாது: 010 என்றால் ஆக்டல், மதிப்பு 8.

எக்செல்லில் ஹெக்ஸ் பட்டியலை ஒட்டுவது தனி ஆபத்து. 1இ5 என்பதை அது அறிவியல் குறியீடாக எடுத்து 100000 ஆக்கிவிடும். 0012-ன் முன் சுழியங்களை விழுங்கிவிடும். ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை உரை வடிவத்துக்கு மாற்றுங்கள். பிறகு மாற்றினால் போனது திரும்பாது.

போட்டுப் பாருங்கள்

1. 01101110-ஐ டெசிமலிலும் ஹெக்ஸிலும் எழுதுக.
2. 1000-ஐ ஹெக்ஸிலும் பைனரியிலும் எழுதுக.
3. 8 பிட் குறியுள்ள எண்ணாக சி4-ன் மதிப்பு என்ன?
4. 0.375-ஐ பைனரியில் எழுதுக.
5. 'த' என்ற எழுத்தின் யூனிகோடு எண் 0பிஏ4. அதன் டெசிமல் மதிப்பும் யுடிஎஃப்-8 பைட்டுகளும் என்ன?

விடைகள்: (1) 110, 6இ. (2) 3இ8, 1111101000. (3) 196 − 256 = −60. (4) 0.011. (5) 2980, இ0 ஏஇ ஏ4. ஐந்தாவதில் கடைசி பைட் தவறியிருந்தால், ஆறு பிட் துண்டை 101001 என்று வெட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். வலமிருந்து வெட்டினால் 100100.